அந்தோனியார் கால் மட்டம்

சார், பக்கத்துல ஆள் வருதா? வரலேன்னா நான் இங்கன இருக்கேன். இல்ல இல்ல, ஜன்னல் பக்கம் நீங்களே இருங்க. எனக்கு இன்னைக்கு கடலப் பாத்துக்கிட்டு வர முடியாது.

ஒரு உதவி சார். ஒங்க போன ஒரு நிமிசம் தருவியளா? எம் போன்ல சார்ஜ் இல்லாம கேக்கல. எம் நம்பரப் பாத்தா எம் பொஞ்சாதி எடுக்கமாட்டா. காலையில இருந்து அடிக்கேன், கட் பண்ணிட்டே இருக்கா. ஒங்க நம்பர்னா யாரோ எவரோன்னு எடுப்பா. ஒரே ஒரு கேள்விதான் சார். எம் மச்சினன் உசுரோட இருக்கானா இல்லியான்னு கேக்கணும்.

ரிங் போவுது... போவுது... எடுக்கல. சரி, விடுங்க. தெரியாத நம்பர்னா அவளே திரும்ப அடிப்பா. அது அவ வழக்கம். போன மடியிலயே வச்சிக்கிடுங்க சார், பையில போட்டுறாதிய. அடிச்சா சத்தம் கேக்கணும்.

நான் பனையந்துறை போறேன். அங்க எங்க வள்ளத்தக் கண்டுபிடிச்சி இழுத்துட்டு வந்துட்டு இருக்காவளாம். எங்க சர்ச் சாமியாருக்குப் போன் வந்தது. "வள்ளம் கெடச்சிட்டு"ன்னு சொல்லும்போதே லைன் கட் ஆயிட்டு. வள்ளம் கெடச்சிட்டு, சரி. அதுல போன ஆளு? அத யாரும் சொல்லல. சாமியாரும் எம் பொஞ்சாதி எமில்டாவும் வேன்ல முன்னாடியே போயிட்டாவ. வேன்ல இடம் கெடந்தது சார். நான் ஏறப் போனேன். "அவரு ஏறுனா நான் எறங்கிருவேன்"ன்னுட்டா. ஊரே நின்னு பாக்கு. கட்டுன புருசன், முட்டு வலிக்காரன், பஸ்ஸுல வாரேன்.

எம் பேரு கயத்தான். இந்த முட்டு தேஞ்சு போச்சு, அதனால நான் கடலுக்குப் போறதில்ல. வள்ளம் எனக்குச் சொந்தம். ஃபைபர் வள்ளம், உள்ள டீசல் எஞ்சின். ஓட்டுறது எம் மச்சினன் லியோன், எமில்டாவுக்கு நேர் தம்பி. கூட ரெண்டு பேரு போவாவ. லியோன நான் குறை சொல்ல மாட்டேன். நல்ல கடலாளி. என் கையால வலை பின்னப் படிச்சவன், எங்க வீட்டுலயே வளந்தவன். பிள்ள இல்லாத வீட்டுல அவன்தான் பிள்ள. எமில்டாவுக்கு அவன்னா உசுரு. எனக்கு மட்டும் இல்லியா? எனக்கும்தான். ஆனா டீசல் குறைஞ்சிதுல்லா சார்? குறைஞ்சத குறைஞ்சிதுன்னுதான சொல்லணும்?

கல்லறைத் திருநாள் கழிஞ்சி ஆரம்பிச்சது. காலையில டேங்க் நெறைய ஊத்தி அனுப்புவேன். ஓடுற தூரம் எனக்குத் தெரியும், குடிக்கிற டீசலும் தெரியும். திரும்பி வந்ததும் குச்சி விட்டுப் பாப்பேன். இருக்க வேண்டியதுக்கு ரொம்பக் கீழ நிக்கும். முதல்ல எஞ்சின் கூடக் குடிக்குதுன்னு நெனைச்சேன். மெக்கானிக் பலவேசத்தக் கூட்டியாந்தேன். அவரு ஃபில்டரக் கழத்தினாரு, மாட்டினாரு. டீசல் ஓஸ் முனையெல்லாம் சோப்பு நுரை தடவிப் பாத்தாரு. டேங்க் அடியில டீசலத் தொறந்து அடைக்கிற காக்க மாத்தினாரு. ஓஸ் கிளிப்பு புதுசு போட்டாரு. எஞ்சினுக்கு அடியில பேப்பர் விரிச்சிப் போட்டு காத்துக் கெடந்தோம். ஒரு சொட்டு விழணுமே! கரையில கெடந்தா ஒழுகவே இல்ல சார். கடலுக்குப் போனாத்தான் குறையுது.

நல்லாக் கேளுங்க. ஓட்டைன்னா கரையிலயும் ஒழுகும்லா? ஓட்டைக்கு கரை எது, கடல் எதுன்னு தெரியுமா? கரையில யாரு இருக்கா? நான் இருக்கேன். கடல்ல யாரு இருக்கா? அவன் இருக்கான். இதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல.

இன்னொரு சங்கதி இருக்கு, அதக் கேட்டா நீங்களே சொல்லுவிய. வேதக்காரவளா சார் நீங்க, கிறிஸ்தவங்களா? இல்லியா. பரவால்ல, அந்தோனியாரத் தெரியாதவ யாரு இருக்கா. ஒங்க ஆளுவளும் செவ்வாக்கெழம மெழுகுதிரி கொளுத்த வாராவள்ளா. காணாமப் போனதக் கண்டுபிடிச்சிக் குடுக்கிற புனிதர் அவரு. எங்க வள்ளத்துல டேங்க்க ஒட்டினாப்ல முன்னால ஒரு பலகை உண்டு. அதுல அந்தோனியாரு படம் அடிச்ச பித்தளைத் தகடு ஒண்ணு மாட்டியிருக்கேன். வள்ளம் மந்திரிச்ச அன்னைக்கு என் கையால மாட்டினது. ஓடாவி, அதான் வள்ளம் கட்டுன ஆசாரி, சின்னச் சின்னத் திருகாணி எடுத்துக் குடுத்தாரு. "போதும் கயத்தான், பலகை முக்கா இஞ்சுதான்"ன்னாரு. கஞ்சப்பய, மெல்லிசுப் பலகையப் போட்டதும் இல்லாம அதச் சொல்லிக் காட்டவும் செய்தான்! எனக்கு வந்தது கோவம். "புனிதர் ஆடக் கூடாதுவே"ன்னு கடைக்குப் போயி மூணு இஞ்சுத் திருகாணி வாங்கியாந்து நாலு மூலையிலயும் முறுக்கினேன். செவ்வாக்கெழம தவறாம புளி போட்டு தகட்ட வெளக்குவேன். ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லுவேன், ஒவ்வொரு திருகாணிக்கும் ஒரு சுத்து. தகடு இன்னைக்கும் கண்ணாடி மாதிரி மின்னும்.

சங்கதி என்னன்னா, டீசல் குறையுதுன்னேன்லா? அது எப்பவும் ஒரே மட்டத்துல வந்து நின்னுரும். குச்சிய வெளிய வச்சி அளந்து பாத்தேன். கரெக்டா அந்தோனியார் கால் மட்டம். அதுக்குக் கீழ எஞ்சின் குடிச்சாத்தான் குறையும், வேற ஒரு சொட்டு போவாது. எனக்கு அப்பிடியே மயிர் சிலிர்த்துட்டு சார். புனிதர் காலுக்குக் கீழ கை வைக்க திருடனுக்குப் பயம்! வெளியாளா இருந்தா அடிவரைக்கும் உறிஞ்சிட்டுப் போவான்லா? வள்ளம் கரை சேரணும்னு கணக்குப் பாத்து எடுத்திருக்கான்னா அவன் வள்ளத்துல போறவன், அந்தோனியாருக்குப் பயப்படுறவன், எங்க ஆளு. கூடப் போற ரெண்டு பேருல ஒருத்தன் பெந்தகோஸ்து, சொரூபத்துக்குப் பயப்படமாட்டான். இன்னொருத்தன் டேங்க் பக்கமே வரமாட்டான், அந்த வாடைக்கு வாந்தி எடுப்பான். மிச்சம் யாரு?

நான் ஒண்ணும் கேக்கல. கேக்கதுக்கு முன்னாலயே லியோன் வந்து, "அத்தான், டீசல் ஏதோ கசியுது, அடித்தண்ணியில எண்ணெ மினுங்குது"ன்னான். எங்கப்பன் குதிருக்குள்ள இல்லன்னானாம் ஒருத்தன், அந்தக் கதைதான். நான் சொன்னேன், "ஏல, எஞ்சின் வள்ளத்துல அடித்தண்ணி பின்ன பன்னீராட்டமா மணக்கும்?" அவன் விடல. "மட்டம் ஒரே இடத்துல நிக்குதுன்னா அந்த உசரத்துல ஓட்டை இருக்குன்னு அர்த்தம் அத்தான். பலகையப் பிரிச்சி டேங்க்க வெளிய எடுத்துப் பாப்போம்"ன்னான். பலவேசமும் அதேதான் சொன்னாரு. வெளிய எடுக்காமக் கண்டுபிடிக்க முடியாதாம்.

பலகையப் பிரிக்கணும்னா தகட்டக் கழத்தணும். மந்திரிச்ச சொரூபத்த! சாமியாரு தீர்த்தம் தெளிச்சி, ஊரு கூடி நின்னு வச்சத! பலவேசத்துக்கு அது பித்தளை. அவரு மேல தப்பில்ல, அவரு சாமி வேற. ஆனா இவன்? ஞானஸ்நானம் எடுத்தவன், புது நன்மை வாங்குனவன், இவன் சொல்லலாமா? அந்தோனியாரத் தூரமாக்கிட்டு தொட்டியத் தூக்கப் பாக்கானேன்னு எனக்குப் பொறி தட்டிச்சி. கழத்த விடல நான். இன்னைக்கும் சொல்லுதேன், விடமாட்டேன்.

எமில்டா வேற. "மீனு டீசல் மணக்குதுங்க, கொழம்பு வைக்க முடியல, ஏலத்துல ஆளு மூக்கப் பொத்துதாவ"ன்னு நச்சிக்கிட்டே இருந்தா. பின்ன திருடுன கையால மீனத் தொட்டா மணக்காதான்னு கேட்டேன். அன்னைக்கு ராத்திரி அவ சோறு திங்கல.

சார், போன் ஏதும்... இல்லியா. லைட்டு எரிஞ்சாப்ல இருந்தது. சரி.

ஒண்ணு செய்தேன். அந்தோனியாரு எரக்கமுள்ளவரு, கையில பாலனத் தூக்கி வச்சிருக்கவரு. திருடன் அவருக்குப் பாதிதான் பயப்படுதான். அப்போ கையில வாளு வச்சிருக்கவரு வேணும்லா? அதிதூதர் மிக்கேலு தகடு ஒண்ணு வாங்கினேன். பிசாச மிதிச்சிக்கிட்டு நிப்பாரே, அவரு. பலகையில மேல இடம் இல்ல. அடியில, காக்குக்குப் பக்கத்துல கொஞ்சம் இடம் கெடந்தது. அங்க வச்சி முறுக்கினேன். அதே மூணு இஞ்சுத் திருகாணிதான், மிச்சம் இருந்தது. கொஞ்சம் கட்டியாத்தான் எறங்கிச்சி. முட்டு வலியோட ஒக்காந்து முறுக்கோ முறுக்குன்னு முறுக்கி எறக்கிட்டேன். அது போன சனிக்கெழம.

ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சி வெளிய வந்ததும் குருசடி முன்னால வச்சிக் கேட்டேன். ஊரு முழுக்க நின்னது. "குருசுல கை வச்சி சத்தியம் பண்ணு, நீ எடுக்கலேன்னு." வீட்டுக்குள்ள கேட்டிருக்கலாம்னு சொல்லுதாவ இப்ப. வீட்டுக்குள்ள கேட்டா எமில்டா விடுவாளா? அவன் மொகம் செத்துப் போச்சி சார். என்னையவே பாத்தான். நான் சின்னதுல ஒரு தடவ அவன் மேல கை வச்சேன், அப்ப பாத்தாப்ல பாத்தான். சத்தியம் பண்ணமாட்டேன்னுட்டான். "பண்ணுனாலும் நீங்க நம்பமாட்டிய அத்தான். டேங்க்க நெறைச்சி நீங்களே பூட்டுங்க. சாவி ஒங்க கையில இருக்கட்டும். நான் தனியா போறேன், வேற யாரு மேலயும் பழி விழ வேண்டாம். திரும்பி வரும்போது பூட்டு பூட்டினபடி இருந்து டீசல் குறைஞ்சிருந்தா, ஓட்டைன்னு ஒத்துக்கிடணும்"ன்னான்.

நான் வேண்டாம்னா சொல்ல முடியும்? ஊரு கேட்டுட்டு நிக்கி. திண்டுக்கல் பூட்டு வாங்கினேன். டேங்க் மூடிக்குக் குறுக்க பட்டை அடிச்சி பூட்டினேன். ஓஸ் முனைக்கெல்லாம் கம்பி சுத்தி, கோயில் மெழுகுதிரிய உருக்கி ஊத்தி, என் மோதிரத்தால முத்திரை வச்சேன். மாத்து கேன் ஒண்ணு வச்சிருந்தான், அதையும் எறக்கச் சொன்னேன். கேன் இருந்தா கள்ளக் கணக்கு வரும்லா? அதையும் எறக்கி வச்சான். தண்ணிக் குடத்தையும் எமில்டா கட்டிக் குடுத்த சோத்தையும் எடுத்துக்கிட்டு ஏறினான். வாடைக் காத்து வேற எழும்பிட்டிருந்தது. எமில்டா கரையில நின்னு, "போவாதல தம்பி, போவாத"ன்னா. நான்தான் வள்ளத்தத் தள்ளி விட்டேன்.

அது முந்தாநாள். பொழுது அடைய வந்திருக்கணும். வரல.

நேத்து பக்கத்து ஊரு வள்ளக்காரவ வந்து சொன்னாவ. தூரத்துல எஞ்சின் நின்னு தத்தளிச்சிக்கிட்டுக் கெடந்தானாம். கிட்டப் போயி டீசல் கேனக் காட்டியிருக்காவ. மூடியில பூட்டு. "ஒடச்சிரு மக்கா"ன்னு கம்பியக் குடுத்தாவளாம். மாட்டேன்னுட்டானாம். ஓஸ்ஸ உருவி கேனுக்குள்ள விடுன்னாவளாம். அதுக்கும் மாட்டேன்னானாம். "முத்திரை ஒடஞ்சா எங்க அத்தான் என்னையத் திருடன்னு சொல்லுவாரு. இழுத்துட்டுப் போங்க, பூட்டோட கரையில விடுங்க"ன்னானாம். கயிறு கட்டி இழுத்திருக்காவ. கடலு சீறிக்கிட்டு வந்திருக்கு, கயிறு அந்துட்டு. இருட்டிப் போச்சி. அதுக்கப்புறம் வள்ளத்தக் காணல.

அதச் சொல்லும்போது எமில்டா என்னையப் பாத்தா சார். அழல. திட்டல. "சாவி ஒங்க பாக்கெட்டுலதான இருக்கு"ன்னா. அவ்ளோதான்.

இந்தா பாருங்க. இதான் சாவி. சட்டை மாத்தும்போதெல்லாம் பாக்கெட் மாத்தி வச்சிக்கிடுதேன். என்னத்துக்குன்னு தெரியல. கடல்ல எறிஞ்சிருவமான்னு தோணுது, எறிஞ்சா அவன் வந்து கேட்டா என்ன சொல்ல? நேத்து முழுக்க குருசடியிலேயே கெடந்தேன். அந்தோனியாரே, ஒருநாளும் ஒண்ணும் கேக்கல, டீசல் போனா போவட்டும், எஞ்சின் போனா போவட்டும், பயல மட்டும் கண்டுபிடிச்சிக் குடுத்துரும்னு மண்ணுல முட்டினேன். எனக்கு வேற யாரு சார் இருக்கா? நாளைக்கு நான் செத்தா தூக்கிட்டுப் போறதுக்கு அவன் தோளுதான் இருக்கு. அந்தப் பய இல்லேன்னா எமில்டா என்னைய...

சார்! போன்! அடிக்குது சார்! அவதான், அந்த நம்பர்தான். குடுங்க குடுங்க.

அலோ, எமில்டா, வச்சிராத, வச்சிராத! மாதா மேல ஆணையா வச்சிராத. ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு வச்சிரு. லியோன்...

எமில்டா? யாரு? யாரு பேசுறது?

மக்கா... ஏல மக்கா... நீதானா...

இருக்கான் சார். உசுரோட இருக்கான். ஐயோ, எங்கிட்ட பேசுதான் சார். இல்ல மக்கா, பஸ்ஸுல ஒரு சார்ட்ட சொன்னேன். அழலல. யாரு அழுதா? நல்லா இருக்கியா? தண்ணி குடிச்சியா? ஒதடு வெடிச்சிட்டா? வெடிக்கட்டும், வெடிக்கட்டும், எண்ணெ போட்டா சரியாயிரும். எப்பிடில கண்டுபிடிச்சாவ?

என்னது? தகடா? அந்தோனியாரு தகட்டக் கழத்தினியா? கத்தியாலயா? சரி, சரி, சொல்லு. வெயில்ல காட்டினியா? தூரத்துல போன போட்டுக்கு மின்னிச்சா?

சார், கேட்டியளா! கப்பல் மாதிரி பெரிய போட்டாம், அது பாட்டுக்குத் தாண்டிப் போயிருக்கு. இவன் அந்தோனியாரு தகட்ட வெயில்ல திருப்பித் திருப்பிக் காட்டியிருக்கான். மின்னுறதப் பாத்துட்டு திரும்பி வந்திருக்காவ. புளி போட்டு வெளக்குனேன்னு சொன்னேன்லா? செவ்வாக்கெழம செவ்வாக்கெழம வெளக்குனது யாரு? நான்தான் சார்! காணாமப் போனதக் கண்டுபிடிச்சிக் குடுக்கிறவரு சார் அவரு, சும்மாவா! மக்கா, பாத்தியா, புனிதர் கை விடல பாத்தியா. நான் வாரேன், இன்னும் கொஞ்ச நேரத்துல வந்துருவேன். சாவியும் எங்கிட்டதான் இருக்கு. என்ன? பூட்ட அறுத்துட்டாவளா? சாவி வேண்டாமா. சரி, வேண்டாம்.

டேங்க்குல ஒண்ணும் இல்லியா? சொட்டு கூடவா? முத்திரை? முத்திரை அப்பிடியே இருக்கா. சரி மக்கா. சரி. அப்ப நீ எடுக்கல. ஊரக் கூட்டிச் சொல்லிருதேன். அந்தக் குருசடியிலேயே நின்னு சொல்லுதேன், போதுமா?

என்ன? திருகாணியா? திருகாணிக்கு என்ன? கழத்தும்போது முனையெல்லாம் டீசலா? டேங்க்குக்கு முன்னால இருக்கிறது டீசல் மணக்கத்தானல செய்யும்? மிக்கேலு கிட்டயுமா? எஞ்சின் அதிர அதிர அது வழியா மிச்சமும் ஒழுகிட்டா?

எத்தன இஞ்சுன்னா... மூணு. மூணு இஞ்சு. ஏன் கேக்க?

பலகையா? முக்கா இஞ்சு.

...

கட் ஆயிட்டு சார். டவர் இல்ல போல.

இல்ல. நான்தான் அமுக்கிட்டேன் போலிருக்கு. கை தவறிட்டு. சந்தோசத்துல. பய உசுரோட இருக்கான்லா, அந்த சந்தோசத்துல.

இந்தாங்க ஒங்க போன். பைக்குள்ள போட்டுருங்க சார், மடியில வேண்டாம். பனையந்துறை எறங்குறவ எழும்பச் சொல்லுதான் கண்டக்டரு. நான்தான் எறங்கணும். முட்டு சட்டுன்னு மடங்கமாட்டேங்குது, கொஞ்சம் பொறுங்க.

அடிக்குது சார்.

எடுக்காதிய. சார், ஒங்க காலப் பிடிச்சிக் கேக்கேன், எடுக்காதிய.